பெரியவளின் புது செல்லோ

இசைக்குழுவில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயலின்காரர்கள், புல்லாங்குழல்காரி, மேடையில் நாற்காலி போடுகிறவர், ஏன், அவளைவிட வயதில் மூத்த முரசுக்காரர் கூட. சேர்ந்த புதிதில் அதை மரியாதை என்று நினைத்து அவள் உள்ளுக்குள் பூரித்துப்போயிருந்தாள். பிறகு ஒரு நாள், புதிதாக வந்த ஒருவருக்கு முரசுக்காரர் விளக்குவது காதில் விழுந்தது. "அந்த முதல் செல்லோ அம்மா யாருன்னு தெரியுமா? அவங்களோட அக்கா." எவங்களோட என்று அந்தப் புது ஆள் கேட்கவே இல்லை. செல்லோ என்றால் எல்லோருக்கும் ஒரே ஒரு 'அவங்க'தான். அது அவளுடைய தங்கை. பூரிப்பு போன இடம் தெரியவில்லை.

பொறாமைக்காரி என்று ஒரே வார்த்தையில் அவளை ஒதுக்கிவிடலாம். ஆனால் சும்மா பொறாமைப்படுகிறவர்கள் வேறு, கணக்கு வழக்கோடு பொறாமைப்படுகிறவர்கள் வேறு. அவள் இரண்டாவது ரகம். அவளிடம் நியாயம் இருந்தது. மரத்தில் செய்து நான்கு தந்தி கட்டிய நியாயம்.

அவர்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. பெரியவளுக்குப் புதுசு, சின்னவளுக்குப் பழசு. சட்டை, செருப்பு, புத்தகப் பை எல்லாமே முதலில் பெரியவள் உடம்பில் ஏறி, அவள் வளர்ந்த பிறகு சின்னவளுக்கு இறங்கும். அப்பா பல் செட் செய்கிறவர். வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. சுவர் முழுக்கப் பலகை அடித்து, ஊரில் பல் போனவர்களின் தாடைகளையெல்லாம் சுண்ணாம்பில் வார்த்து அடுக்கி வைத்திருப்பார். பெண்கள் இருவரும் அந்தத் தாடைகளுக்கு முன்னால்தான் சாதகம் செய்தார்கள். தப்பாக வாசித்தாலும் சரியாக வாசித்தாலும் பல்லை இளித்துக்கொண்டு கேட்கிற சபை.

பெரியவள் செல்லோ கற்றுக்கொள்ள ஆசைப்பட்டதற்கு அம்மாவின் தம்பி காரணம். மாமா ஒரு இசைக்குழுவில் கடைசி வரிசையில் செல்லோ வாசித்தவர். வயலினின் பெரியண்ணன் மாதிரி, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வில்லால் இழுக்கிற வாத்தியம். கல்யாணம் ஆகாதவர், சாப்பாட்டுக்கு அக்கா வீடுதான். பெரியவள் பிடிவாதம் தாங்காமல் அப்பா கடையில் போய் ஒரு புது செல்லோ வாங்கி வந்தார். ஆரஞ்சுப் பழம் மாதிரி பளபளவென்று மின்னியது. வார்னிஷ் வாசனை கூடப் போகவில்லை. சின்னவள் தொட வந்தால் பெரியவள் கையைத் தட்டிவிடுவாள்.

கொஞ்ச நாளில் மாமாவுக்குக் கை நடுக்கம் வந்தது. வில் நிற்கவில்லை. வேலையை விட்டுவிட்டுத் தன் செல்லோவைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னறையில் சாய்த்து வைத்தார். கறுத்துப்போய், ஓரத்தில் உதிர்ந்து, விலாவில் ஒட்டுப்போட்ட வாத்தியம்.

"இது பெரியவளுக்கு," என்றார் மாமா.

"அவகிட்டத்தான் புதுசு இருக்கே," என்றாள் அம்மா. "சின்னவளுக்குக் குடு. அவளும் அழுதுட்டு நிக்கிறா."

மாமா பெரியவளைப் பார்த்தார். "உனக்கு வேணாமா?"

"அந்தக் கிழட்டு டப்பாவா? எனக்கு வேணாம்பா," என்றாள் பெரியவள்.

அவள் வாயால் சொன்னது இது. இதைப் பிற்காலத்தில் அவள் யாரிடமும் சொன்னதில்லை. சின்னவள் அன்றைக்கு அழுததுதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. தனக்கு எப்போதும் பழசுதானா என்று அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். பெரியவள் பெருந்தன்மையாகப் போய்த் தன் புது செல்லோவைக் கொஞ்ச நேரம் தொட்டுப் பார்க்கச் சொன்னாள்.

இரண்டு பேரும் இசைப் பள்ளியில் சேர்ந்த பிறகு ஒரு நாள் பழைய செல்லோவின் குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கி நிற்கிற சின்ன மரத்துண்டு, சரிந்து விழுந்துவிட்டது. அப்பா இரண்டு பெண்களையும் இரண்டு செல்லோக்களோடு கூட்டிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனார். கடைக்காரர் விளக்கைப் போட்டு ஓட்டை வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி எடுத்தார். அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்னங்க, ஒட்டவே ஒட்டாதா?"

"ஒட்டுறது கிடக்கட்டும். இது எங்கேர்ந்து வந்துச்சு? உங்க தாத்தாவோட தாத்தா காலத்துச் சரக்கு இது. இந்த மாதிரி மரம் இப்ப யாருக்கும் கிடைக்காது. பாத்துக்கங்க, பஸ்ல எல்லாம் எடுத்துட்டுப் போகாதீங்க."

பெரியவளுக்கு முகம் சுண்டிப்போனது. அவர் அடுத்ததாக அவளுடைய புது செல்லோவையும் வாங்கிப் பார்த்தார். ஒரு தட்டுத் தட்டினார். "இது... நல்லா இருக்கு. பழக நல்லது," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலம் அப்பாவிடம் போய் நின்றாள்.

"அப்பா, மாத்திக்கலாம்."

"எதை?"

"செல்லோவை. நான்தானே மூத்தவ. மாமா எனக்குத்தானே குடுத்தாரு."

அப்பா ஒரு மேல் தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "நீதானே வேணாம்னே? ஒருத்தர் வாயில மாட்டின பல்லைக் கழட்டி இன்னொருத்தருக்குக் குடுக்க முடியுமா? போய் வாசி."

அதோடு அப்பாவின் தீர்ப்பு முடிந்தது. பெரியவளின் வழக்கு முடியவில்லை.

சின்னவள் போட்டிகளில் ஜெயிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு தடவையும் பெரியவள் அதே மேடையில் அவளுக்கு முன்போ பின்போ வாசித்திருப்பாள். பெரியவளும் மோசமில்லை. சுத்தமாக வாசிப்பாள், சுருதி பிசகாது, தாளம் தப்பாது. நடுவர்கள் அவள் வாசித்தால் தலையாட்டுவார்கள். சின்னவள் வாசித்தால் தலையாட்ட மறந்துபோவார்கள். அந்த வித்தியாசம் பெரியவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பதற்கு அவளிடம் பதில் தயாராக இருந்தது. அந்த மரத்தில் வில்லை வைத்தால் தாடை கூடப் பாடும் என்பாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சின்னவளே அதை ஒத்துக்கொண்டாள். ஊர் ஊராகப் போய்த் தனியாக வாசிக்கத் தொடங்கிய பிறகு, யார் பேட்டி எடுத்தாலும், உங்கள் நாதத்தின் ரகசியம் என்ன என்று கேட்டால், "எல்லாம் எங்க மாமாவோட செல்லோதான்" என்று சிரிப்பாள். பெரியவள் அந்தப் பேட்டிகளை ஒன்று விடாமல் படிப்பாள். படித்துவிட்டுக் கணவனிடம் நீட்டுவாள்.

"பாத்தீங்களா, அவளே சொல்றா."

கணவன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். சங்கீதத்தில் அவனுக்குத் தெரிந்தது, கைதட்ட வேண்டிய இடம் எது என்று பக்கத்து ஆளைப் பார்த்துத் தட்டுவதுதான். "அடக்கமா பேசுறாங்க போலிருக்கு," என்பான்.

"அடக்கமாவது ஒண்ணாவது. உண்மையைச் சொல்றா."

தங்கையின் கச்சேரிப் படங்களை அவள் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்ப்பாள். சத்தம் இல்லாவிட்டால் குறை நன்றாகத் தெரியும். வலது முழங்கை ரொம்ப ஏறுகிறது, தோள் இறுகுகிறது, தலையை என்னத்துக்கு இப்படி ஆட்டுகிறாள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைப்பாள். தேடித் தேடிக் கண்டுபிடித்த குறைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. விமானத்தில் அந்த செல்லோவுக்கென்று தனி இருக்கை வாங்கி, பெல்ட் போட்டு உட்கார வைத்து, தங்கை அதன் பக்கத்தில் தூங்குகிற படம் ஒன்று பத்திரிகையில் வந்தபோது அவளுக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நம்முடையதாக இருந்திருக்க வேண்டியது ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறதே என்று வயிறு எரிந்தது.

வருடத்துக்கு ஒரு தடவையாவது, குடும்பம் கூடும்போது, பேச்சு அங்கே வந்து நிற்கும். "அன்னைக்கு மட்டும் மாத்தியிருந்தா" என்று அவள் ஆரம்பிப்பாள். அப்பா காது கேட்காததுபோல இருப்பார். அம்மா, "ஆரம்பிச்சுட்டியா?" என்பாள். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு தட்டில் இருப்பதை ஓரம் கட்டுவாள். ஒரு தடவை கூட எதிர்த்துப் பேசியதில்லை. அதுவும் பெரியவளுக்குப் பிடிக்காது. திருடினவள் பேச மாட்டாள்தானே என்று நினைத்துக்கொள்வாள்.

அவள் ஒன்றும் ஓய்ந்துபோய் உட்காரவில்லை. திரைக்குப் பின்னால் யார் என்று தெரியாதபடி வாசிக்க வைத்து ஆள் எடுக்கும் தேர்வில் தேறித்தான் இசைக்குழுவில் சேர்ந்தாள். கடைசி வரிசையிலிருந்து ஒவ்வொரு நாற்காலியாக நகர்ந்து முதல் நாற்காலிக்கு வந்தாள். எந்த இடத்தில் வில்லை மேலே இழுப்பது, எங்கே கீழே இறக்குவது என்று அவள் பென்சிலால் குறித்துக் கொடுப்பதைத்தான் பின்னால் இருக்கும் செல்லோக்காரர்கள் அத்தனை பேரும் பின்பற்ற வேண்டும். அதெல்லாம் சாதாரணப் பதவி இல்லை. ஆனால் அவள் அதை மனதுக்குள் எப்போதும் ஒரு 'கூட' போட்டுத்தான் சொல்லிக்கொள்வாள். இந்தக் கட்டையை வைத்துக்கொண்டு கூட இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். அந்த ஒரு 'கூட'வில்தான் அவள் உயிரே இருந்தது.

அப்படி இருக்கையில் ஒரு நாள் அறிவிப்புப் பலகையில் அடுத்த பருவத்துக் கச்சேரிகளைப் போட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் கச்சேரியில் தனியாக வாசிக்க வருகிறவர் பெயர் இருந்த இடத்தில் தங்கையின் பெயர்.

"அக்கா, உங்களுக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கும்," என்றாள் புல்லாங்குழல்காரி.

"இருக்காதா பின்னே," என்றாள் அவள்.

சின்னவள் ஒத்திகைக்கு வந்தாள். வந்ததும் வராததுமாக எல்லோர் முன்னாலும் அவளைக் கட்டிக்கொண்டாள். "சாப்பிட்டியா? இளைச்சுட்ட. அத்தான் எங்க?" என்று கேட்டாள். பிறகு, கோலை ஆட்டி இசைக்குழுவை நடத்துகிற நடத்துநருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தனியாக வாசிக்கிற செல்லோக்காரரின் இடம் முதல் நாற்காலிக்குக் கை எட்டும் தூரத்தில் இருக்கும். மூன்று நாள் ஒத்திகையும் பெரியவள் அந்தக் கறுத்த செல்லோவின் விலாவைப் பார்த்தபடியே வாசித்தாள். ஒட்டுப்போட்ட இடம் தெரிந்தது. இடைவேளையில் நடத்துநரிடம் போய், "தங்கச்சி ரெண்டாம் பாகத்துல கொஞ்சம் இழுப்பா. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். நீங்க விட்டுடாதீங்க," என்று நல்லெண்ணத்தோடு போட்டுக் கொடுத்தாள். அவர், "அந்த இழுப்புதாங்க அழகே," என்று சொல்லிவிட்டார். மூக்கறுபட்டு வந்து உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிரம்பிவிட்டது. அப்பா, அம்மா, கணவன் மூவரும் நடு வரிசையில். உருப்படி மூன்று பாகம் கொண்டது. முதல் பாகம் பாதி தாண்டியிருக்கும். சின்னவள் வில்லை அழுத்தி மேலே ஏறிக்கொண்டிருந்தபோது படீரென்று ஒரு சத்தம். முதல் தந்தி அறுந்து சுருண்டு அவள் மணிக்கட்டில் அடித்தது.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று இசைக்குழுவில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். முதல் நாற்காலிக்காரர் தன் வாத்தியத்தைத் தனி வாசிப்புக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். அவருக்குப் பின்னால் இருப்பவர் தன்னுடையதை அவருக்குத் தர வேண்டும். இப்படியே அறுந்த வாத்தியம் கைமாறிக் கடைசி வரிசைக்குப் போகும். கடைசி ஆள் அதை உள்ளே கொண்டுபோய்ப் புதுத் தந்தி மாட்டிக்கொண்டு வருவார். இசை நிற்காது.

சின்னவள் திரும்பிக் கையை நீட்டினாள்.

பெரியவள் தன் செல்லோவின் கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒரு மூச்சு நேரம்தான். அதற்குள் அவள் மனதில் ஓடியது பயமும் இல்லை, பாசமும் இல்லை. இப்போது தெரிந்துவிடும் என்றுதான் ஓடியது. இத்தனை பேர் முன்னால், அப்பா முன்னால், இந்தக் கட்டையில் வாசிக்கட்டும். அப்போது தெரியும் வண்டவாளம். வாழ்நாள் முழுக்க எந்தச் சாட்சியும் இல்லாமல் அவள் நடத்திய வழக்குக்குக் கடைசியில் ஒரு மத்தியானம் சாட்சி கிடைத்துவிட்டது. அவள் செல்லோவைக் கொடுத்தாள். கறுத்த செல்லோ அவள் கைக்கு வந்தது.

பின்னால் இருந்தவர் தன் வாத்தியத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். அவள் வாங்கவில்லை. "நீங்க பாத்துக்கங்க," என்று முணுமுணுத்துவிட்டு, பழைய செல்லோவைத் தூக்கிக்கொண்டு அவளே எழுந்து உள்ளே நடந்தாள். முதல் நாற்காலிக்காரர் மேடையை விட்டு எழுந்து போவதா? முரசுக்காரர் வாய் பிளந்து பார்த்தார்.

மேடைக்குப் பின்னால் சின்னவளுடைய அறை. செல்லோப் பெட்டியின் உறையில் மாற்றுத் தந்தி இருந்தது. அறுந்ததைக் கழற்றி, புதியதைக் கோத்து, பிரடையைத் திருகி முறுக்கேற்றினாள். சுவருக்கு அந்தப் பக்கம் மேடை. தன்னுடைய செல்லோவின் குரல் அங்கிருந்து வந்தது. அறிமுகமான குரல்தான். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் மூக்கடைப்பு. அவளுக்கு உள்ளே குளிர்ந்தது. கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள் என்று சொல்லிக்கொண்டாள்.

பிறகு தந்தி சுருதியில் நின்றது. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். மாமாவின் செல்லோ அவள் முழங்கால்களுக்கு நடுவே, நெஞ்சில் சாய்ந்து நின்றது. இதற்காக எத்தனை வருடம். வில்லை எடுத்து, வெளியே கேட்காதபடி மெதுவாக, தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மெட்டை இழுத்தாள்.

சுத்தமாக இருந்தது. சுருதி பிசகவில்லை. மரம் கனமாக, ஆழமாக ஒலித்தது. அது பெரிய வாத்தியம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குள்ளிருந்து வந்தது அவள்தான். ஒத்திகை அறையில் தினமும் கேட்கிற, தலையாட்ட வைக்கிற, சரியாக இருக்கிற அவள். புதுத் தந்தியின் கோளாறு என்று நினைத்து மறுபடி முறுக்கினாள். மறுபடி வாசித்தாள். வில்லை அழுத்திப் பார்த்தாள், லேசாக விட்டுப் பார்த்தாள். மரம் அவள் சொன்னதையெல்லாம் கேட்டது. சொல்லாததை அதுவாகப் பாடவில்லை.

அப்போது சுவர்ப் பக்கம் காது போனது. கரகரப்பு எப்போது போனது என்று தெரியவில்லை. மேடையில் தங்கை பாடிக்கொண்டிருந்தாள். அப்பா கடையில் வாங்கிய செல்லோவில், பழக நல்லது என்று கடைக்காரர் திருப்பிக் கொடுத்த செல்லோவில், அவள் தினமும் கட்டை என்று திட்டிய செல்லோவில். அரங்கத்தில் ஒருவர் கூட இருமவில்லை.

முதல் பாகம் முடிந்ததும் மேடை மேலாளர் கதவைத் தட்டினார். "அக்கா, தந்தி மாட்டியாச்சா? இப்ப மாத்திக்கலாமான்னு கேக்குறாங்க."

"இன்னும் நிக்கலை," என்றாள் அவள். "இறங்கிட்டே இருக்கு. அதையே வாசிக்கச் சொல்லுங்க."

தந்தி ஜம்மென்று நின்றிருந்தது. அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்றால், ஒருவேளை இரண்டாம் பாகத்திலாவது தங்கை தடுக்கி விழுவாள் என்று ஒரு நப்பாசை. இரண்டாம் பாகத்தில் தங்கை கொஞ்சம் இழுத்தாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பெரியவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, பழைய செல்லோவைக் கட்டிப்பிடித்தபடி, கடைசி வரை கேட்டாள். மனது ஆறவே இல்லை. இதற்கு முன்னால் பட்ட பொறாமையெல்லாம் விளையாட்டு என்று தோன்றியது. மரத்தின் மேல் பொறாமைப்படுவது சுலபம். மாற்றிக் கொடு என்று கேட்கலாம், அப்பாவைக் கரித்துக் கொட்டலாம். இனி யாரிடம் போய் எதை மாற்றிக் கேட்பது?

கைதட்டல் ஓய்ந்து எல்லோரும் அறைக்கு வந்தார்கள். சின்னவள் முகமெல்லாம் வியர்வை. பெரியவளின் செல்லோவைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, உன்னோடது இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே. என்னமா பேசுது."

சின்னவள் அம்மாவையும் அப்பாவையும் ஒரு தடவை பார்த்துவிட்டு அவளிடம் திரும்பினாள்.

"அக்கா, நான் ரொம்ப நாளா சொல்லணும்னு நினைச்சேன், பயமா இருந்துச்சு. நீ மாமா செல்லோவை வச்சுக்கோ. அவர் உனக்குத்தானே கொண்டு வந்தாரு. எனக்கு இது போதும். இன்னைக்குத்தான் அந்த தைரியமே வந்துச்சு."

அப்பா சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து பெரியவளையே பார்த்தார். அவருக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

கேட்டது கிடைத்துவிட்டது. கையை நீட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நாளைக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஒத்திகைக்குப் போனால், முதல் நாற்காலியில் உட்கார்ந்து வில்லை வைத்தால், அறையில் கேட்டதை ஊரே கேட்கும். அதற்குப் பிறகு 'கூட' என்று எதைச் சொல்வது? பெரியவள் பழைய செல்லோவைப் பெட்டியில் படுக்க வைத்து, பட்டையைப் போட்டு, மூடியைச் சாத்தினாள்.

"வேணாம். கழுத்து அகலமா இருக்கு. என் கைக்கு ஒத்து வராது."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான் சொல்றேன். நீயே வச்சுக்கோ."

"அப்ப இத்தனை வருஷமா எதுக்குடி எங்க உயிரை எடுத்தே?" என்றாள் அம்மா.

சின்னவள் அழுதேவிட்டாள். அக்கா தன்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள். கட்டிக்கொண்டு தோளில் முகம் புதைத்தாள். பெரியவளின் கை தங்கையின் முதுகில் இருந்தது. கண் மட்டும் தங்கையின் இடது கையை, தந்தி அழுந்திச் சிவந்திருந்த விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. தன் விரல்களும் அப்படித்தான் சிவந்திருந்தன.

கணவன் காரை வாகன நிறுத்தத்திலிருந்து மெதுவாக வெளியே எடுத்தான். பின் இருக்கையில் அவளுடைய செல்லோ குறுக்கே கிடந்தது. வெயில் இன்னும் இறங்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டான்.

"உள்ளே போய் அதை வாசிச்சுப் பாத்தியா?"

"ம்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்ல வாத்தியம்."

"அப்புறம் ஏன் வேணாம்னுட்டே? கழுத்து அகலம்னெல்லாம் என்கிட்ட கதை விடாதே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அதுல வாசிச்சாலும் நான் வாசிக்கிற மாதிரிதான் இருக்கு."

அவளை எப்படியாவது சந்தோஷப்படுத்திவிட வேண்டும் என்று அவனுக்கு உண்மையாகவே ஆசை.

"நல்லதுதானே அது," என்றான்.